கென்னி எவரெட்: ரேடியோ டிஜேயா, டிவி காமெடியனா?

கேள்வி இதுதான்: கென்னி எவரெட்டை ரேடியோ டிஜே என்று சிலர் சொல்கிறார்கள், டிவி காமெடியன் என்று சிலர் சொல்கிறார்கள். பாட்டு போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எப்படி 1970களின் கடைசியில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் முக்கியமான நகைச்சுவைக்காரராக மாறினார்?

அவர் மாறவே இல்லை என்பது என் கருத்து. பதினைந்து வயதுப் பையனாக வீட்டில் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி விளையாடியவர், முப்பத்து மூன்று வயதில் அதே வேலையைப் படத்தோடு செய்ய ஆரம்பித்தார். நடுவில் பிபிசி அவரை வேலையைவிட்டு அனுப்பியது, கடலில் நின்ற ஒரு கப்பல் வானொலியும் அனுப்பியது. முதலில் செய்த சில தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் எடுபடவில்லை. இதையெல்லாம் வரிசையாகப் பார்த்தால்தான் 1978இல் வந்த 'தி கென்னி எவரெட் வீடியோ ஷோ' ஏன் அப்படி இருந்தது என்பது புரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவருடைய இயற்பெயர் மாரிஸ் கோல். 1944 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, லிவர்பூலை ஒட்டிய சீஃபோர்த்தில் பிறந்தார். உழைக்கும் வர்க்கக் கத்தோலிக்கக் குடும்பம். ஒல்லியான, பயந்த சுபாவமுள்ள பையன். கொஞ்ச காலம் மிஷனரிப் பாதிரிமாருக்கான பயிற்சிப் பள்ளியில் இருந்தார், ஒத்துவரவில்லை. வெளியே வந்து பேக்கரியில் வேலை பார்த்தார், ஒரு கப்பல் வணிகப் பத்திரிகையின் விளம்பரப் பிரிவிலும் இருந்தார். அவரைப் பிடித்துவைத்திருந்தது வானொலி மட்டும்தான். அதிலும் குறிப்பாக பிபிசியின் 'தி கூன் ஷோ'. 1951 முதல் 1960 வரை ஸ்பைக் மில்லிகன், பீட்டர் செல்லர்ஸ், ஹாரி சீகோம்ப் மூவரும் செய்த அந்த நிகழ்ச்சியில் கதை என்று ஒன்று பேருக்குத்தான் இருக்கும். விசித்திரக் குரல்கள், வெடிச் சத்தம், நடக்கவே முடியாத சம்பவங்கள் எல்லாம் ஒலியிலேயே நடக்கும். படத்தில் காட்ட முடியாததை ஒலியில் காட்டிவிடலாம் என்பதை எவரெட் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

வீட்டில் டேப் ரெக்கார்டர்களை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலையைச் சற்று விளக்க வேண்டும். முதல் கருவியில் ஒரு குரலைப் பதிவுசெய்வார். அதை ஓடவிட்டு, கூடவே இன்னொரு குரலில் பேசியோ பாடியோ இரண்டையும் சேர்த்து இரண்டாவது கருவியில் பதிவார். பிறகு அதை மறுபடி முதல் கருவிக்கு. இப்படி மாற்றி மாற்றி ஏற்றினால் ஒரே ஆள் ஒரு பாடகர் குழுவாகிவிடலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நாடாவின் இரைச்சல் கூடும், முதலில் பதிந்த குரல் மங்கிக்கொண்டே போகும். எந்தக் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமோ அதைக் கடைசியில் பதிய வேண்டும். அதாவது, தொடங்குவதற்கு முன்பே முழு வடிவமும் மனதில் இருக்க வேண்டும். அப்புறம் பிளேடால் நாடாவை வெட்டி ஒட்டுவது. ஒரு மூச்சின் இடைவெளியை எடுத்துவிட்டாலே ஒரு சாதாரண வாக்கியம் சிரிப்பாகிவிடும். கால் நொடி தாமதம் ஒரு நகைச்சுவையைக் கொல்லும் என்று கையால் வெட்டிக் கற்றவர் அவர். பின்னால் வந்த எல்லாமே இந்தப் பயிற்சியின் பலன்தான் என்று நான் நம்புகிறேன்.

இப்படித் தயாரித்த ஒரு நாடாவை பிபிசிக்கு அனுப்பினார். அவர்களுக்குப் பிடித்தது, கூப்பிட்டுப் பேசினார்கள். ஆனால் அன்றைய பிபிசியில் இப்படி ஒரு ஆளை உட்காரவைக்க இடமே இல்லை. பிரிட்டனில் அப்போது சட்டப்படி வானொலி என்றால் பிபிசி மட்டும்தான். இசைக் கலைஞர்களின் சங்கமும் இசைத்தட்டு நிறுவனங்களும் போட்ட ஒப்பந்தப்படி ஒரு நாளைக்கு இத்தனை மணிநேரம்தான் இசைத்தட்டு ஒலிக்கலாம் என்று வரம்பு வேறு. பீட்டில்ஸ் பிரிட்டனையே ஆட்டிவைத்த காலத்தில் அந்த நாட்டு வானொலியில் அவர்கள் பாட்டை ஆசைதீரக் கேட்க முடியாது. அந்த இடைவெளியில்தான் கப்பல் வானொலிகள் முளைத்தன. கரையிலிருந்து பிரிட்டனின் கடல் எல்லையைத் தாண்டி நங்கூரமிட்டு நின்றால் பிரிட்டிஷ் சட்டம் தொடாது.

அவற்றில் ஒன்று ரேடியோ லண்டன். கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் அமெரிக்கக் கடற்படையின் பழைய கப்பல் ஒன்று, 'கேலக்ஸி' என்ற பெயரில், எஸ்ஸெக்ஸ் கடற்கரைக்கு அப்பால் நின்றது. பின்னணியில் டெக்சாஸ் முதலீட்டாளர்கள். 1964 டிசம்பரில் ஒலிபரப்பு தொடங்கியபோதே எவரெட் அங்கே இருந்தார், வயது இருபதைத் தொடும் நேரம். கென்னி எவரெட் என்ற பெயரும் அப்போது வைத்துக்கொண்டதுதான். எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகரை அவருக்குச் சிறுவயதிலிருந்தே பிடிக்கும்.

கப்பலில் டேவ் கேஷ் என்ற இன்னொரு டிஜேயோடு சேர்ந்து 'கென்னி அண்ட் கேஷ் ஷோ' செய்தார். இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் தொடங்கி, அதில் பல குரல்கள் வந்து போகும். ரேடியோ லண்டன் தன் நிலையப் பாடல்களை, அந்தச் சின்னச் சின்ன ஜிங்கிள்களை, டெக்சாஸின் டாலஸ் நகரிலிருந்து தருவித்தது. எவரெட் தனக்கான ஜிங்கிள்களைத் தானே பல குரலில் பாடித் தயாரித்துக்கொண்டார். பிரிட்டிஷ் நேயர்களுக்கு அது முற்றிலும் புதிய அனுபவம். பாட்டுகளுக்கு நடுவே வரும் இடைவெளியே நிகழ்ச்சியாகிவிட்டது.

அப்புறம் முதல் வேலைநீக்கம். கப்பலுக்கு நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தது 'தி வேர்ல்ட் டுமாரோ' என்ற அமெரிக்க மதப் பிரச்சார நிகழ்ச்சி. எவரெட்டால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பிரசங்கத்தைக் காற்றலையிலேயே கிண்டலடித்தார். பணம் கொடுப்பவர்கள் கோபப்பட்டார்கள், 1965இல் அவரை அனுப்பிவிட்டார்கள். லக்ஸம்பர்க் நாட்டிலிருந்து ஆங்கிலத்தில் ஒலிபரப்பிய ரேடியோ லக்ஸம்பர்கில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, 1966இல் மறுபடி ரேடியோ லண்டனுக்கே வந்தார். அந்த ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழுவின் அமெரிக்கப் பயணத்தில் கூடவே போய்த் தொலைபேசி வழியாகச் செய்தி அனுப்பினார். அதுதான் அவர்களுடைய கடைசி இசைப் பயணம். அந்த நால்வரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பு நிலைத்தது. அவர்கள் தங்கள் ரசிகர் மன்றத்துக்காக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு தனி இசைத்தட்டு வெளியிடுவார்கள். 1968, 1969 இரண்டு வருடத்துத் தட்டுகளையும் தொகுத்துக் கொடுத்தவர் எவரெட். நால்வரும் அப்போது தனித்தனியாகப் பதிவுசெய்து அனுப்பினார்கள். ஒரே அறையில் இருப்பதுபோல் அவற்றைக் கோத்தது அவருடைய பிளேடுதான்.

1967 ஆகஸ்டில் புதுச் சட்டம் வந்தது. கப்பல் வானொலிகளுக்கு பிரிட்டனிலிருந்து ஆளோ பொருளோ விளம்பரமோ போகக்கூடாது. ரேடியோ லண்டன் மூடியது. அந்த இடத்தை நிரப்ப பிபிசி 1967 செப்டம்பர் 30 அன்று ரேடியோ 1ஐத் தொடங்கியது, கப்பல்களில் இருந்தவர்களையே பெருமளவில் வேலைக்கும் எடுத்துக்கொண்டது. எவரெட்டும் போனார். அங்கே அவருடைய நிகழ்ச்சியில் கிரிஸ்ப் என்று ஒரு பட்லர், ஒரு பாட்டியம்மா என்று நிரந்தரக் கதாபாத்திரங்கள் உண்டு. எல்லாம் அவர் குரல்தான். சனிக்கிழமை காலைகளில் அவருடைய நிகழ்ச்சிக்கென்றே காத்திருக்கும் கூட்டம் உருவாகியது.

ரேடியோ 1இல் இருந்தது மூன்றே வருடம். 1970 ஜூலையில், போக்குவரத்து அமைச்சரின் மனைவி கார் ஓட்டும் உயர்நிலைத் தேர்வில் தேறிவிட்டார் என்ற செய்தி வாசிக்கப்பட்டது. அது முடிந்ததும், தேர்வாளர் கையில் ஐந்து பவுண்டைத் திணித்திருப்பார் என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டார் எவரெட். பிபிசி அவரை நீக்கியது. அந்தச் சனிக்கிழமை நேரம் நோயல் எட்மண்ட்ஸ் என்ற இளைஞருக்குப் போனது. அவரும் பின்னால் பெரிய தொலைக்காட்சி முகமானார். இருவரையும் ஒப்பிட்டால் நான் சொல்ல வருவது இன்னும் தெளிவாகும், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தொலைக்காட்சியும் இதற்கிடையில் அவரைத் தேடி வந்திருந்தது. 1968இல் கிரனாடா தொலைக்காட்சியின் 'நைஸ் டைம்'. கூட இருந்தவர்களில் ஜெர்மேன் கிரீரும் உண்டு, பின்னால் பெண்ணியச் சிந்தனையாளராக உலகப் புகழ் பெற்றவர். தயாரித்தவர் ஜான் பர்ட், பின்னால் பிபிசியின் தலைமை இயக்குநரானவர். சாலையில் போகிறவர்களை வைத்து விளையாடும் கலகலப்பான நிகழ்ச்சி அது. 1970இல் லண்டன் வீக்எண்ட் தொலைக்காட்சிக்காக அடுத்தடுத்துச் சில தொடர்கள் செய்தார். அவை நிற்கவில்லை. அன்றைய தொலைக்காட்சி அவருக்கு ஒரு தொகுப்பாளரின் இடத்தைத்தான் கொடுத்தது. கேமராவைப் பார்த்துப் பேசு, விருந்தினரை அறிமுகம் செய், நகர்ந்து நில். வானொலியில் அவர் கையிலிருந்த அதிகாரம், அதாவது எங்கே வெட்டுவது, எதன்மேல் எதை ஏற்றுவது என்பதெல்லாம், இங்கே வேறு யாரிடமோ இருந்தது. அந்த அதிகாரம் இல்லாத எவரெட் ஒரு கூச்ச சுபாவமுள்ள ஒல்லி மனிதர், அவ்வளவுதான்.

வேலை போன பிறகு வந்த மூன்று வருடங்களை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது மிக முக்கியமான காலம். சசெக்ஸ் கிராமப்புறத்தில் இருந்த வீட்டிலேயே ஒலிக்கூடம் அமைத்துக்கொண்டு, நிகழ்ச்சிகளை முழுதாகத் தயாரித்து பிபிசியின் உள்ளூர் நிலையங்களுக்கு நாடாவாக அனுப்பினார். மேலே ஆள் இல்லை, நேரக் கணக்கு இல்லை. ஒரு நிமிட விஷயத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். 1973 ஏப்ரலில் பிபிசி அவரைத் திரும்ப எடுத்தபோதுகூட, முன்கூட்டியே பதிவுசெய்து கொடுக்க வேண்டும், கேட்டுப் பார்த்த பிறகுதான் ஒலிபரப்புவோம் என்று நிபந்தனை போட்டது. வாயைக் கட்டுவதற்காகப் போட்ட நிபந்தனைதான். ஆனால் இப்படி வருடக்கணக்கில் பதிவு செய்தே வேலை பார்த்ததில், பதிவுசெய்து செதுக்கும் கலையில் பிரிட்டனில் அவருக்கு நிகராக ஆள் இல்லை என்ற நிலை வந்தது.

அதே 1973இல் அவருடைய குரல் பிரிட்டனின் ஒவ்வொரு குழந்தையின் காதிலும் விழுந்தது, பாதிப் பேருக்கு அது அவர் குரல் என்றே தெரியாது. குழந்தைகளுக்குப் பாதுகாப்பு சொல்லித்தர அரசின் தகவல் துறை 'சார்லி' என்ற பூனையை வைத்துக் குட்டிக் கார்ட்டூன் படங்கள் வெளியிட்டது. அந்தப் பூனை மனிதமொழி பேசாது, ஒரு மாதிரி மியாவ் என்று குழறும். பக்கத்தில் நிற்கும் சிறுவன் அதை விளக்கிச் சொல்வான். அந்தக் குழறல் எவரெட் செய்தது. 1991இல் தி புராடிஜி குழுவினர் அந்தப் படத்தின் ஒலித்துண்டை எடுத்து ஒரு நடனப் பாட்டாக்கினார்கள். 1975 முதல் 'செலிப்ரிட்டி ஸ்குவேர்ஸ்' என்ற தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சியின் அறிவிப்புக் குரலும் அவர்தான். முகம் வருவதற்கு முன்பே குரல் தொலைக்காட்சிக்குள் போய்விட்டது.

1973 அக்டோபரில் லண்டனில் கேப்பிடல் ரேடியோ தொடங்கியது. தனியார் வானொலி சட்டப்படி பிரிட்டன் மண்ணிலேயே வந்துவிட்டது. எவரெட் அங்கே போய், டேவ் கேஷோடு மறுபடி ஜோடி சேர்ந்து காலை நிகழ்ச்சி செய்தார். இந்தக் காலத்து விஷயங்களில் ஒன்று எல்லோருக்கும் தெரியும். குயீன் என்ற ராக் இசைக்குழு 'பொஹீமியன் ராப்சடி' பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. ஆறு நிமிடத்துக்கு ஐந்து நொடிதான் குறைவு, இவ்வளவு நீளமான பாட்டை எந்த நிலையம் போடும் என்று நிறுவனம் தயங்கியது. ஒலிபரப்பக்கூடாது என்று சொல்லி எவரெட்டிடம் ஒரு பிரதி போனது. அவர் கை தவறிவிட்டது என்கிற பாவனையில் அங்கொரு துண்டு இங்கொரு துண்டாகப் போட ஆரம்பித்து, ஒரு வார இறுதியில் பதினான்கு முறை ஒலிபரப்பிவிட்டார். திங்கட்கிழமை கடைகளில் கேட்டவர்களுக்குப் பாட்டு இல்லை, இன்னும் வெளியாகவே இல்லையே! 1975 அக்டோபர் 31 அன்று வெளியாகி, ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. குயீனின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி எவரெட்டுக்கு நெருங்கிய நண்பர், ஆனாலும் இதை வெறும் நட்பு என்று நான் பார்க்கவில்லை. நூற்றுக்கணக்கான குரல் அடுக்குகளால் கட்டப்பட்ட ஒரு பாட்டைக் கேட்டதும், பத்து வருடமாகத் தன் அறையில் இதையே செய்துகொண்டிருந்தவருக்கு அதன் அருமை உடனே தெரிந்திருக்கும்.

நகைச்சுவை வரலாற்றுக்கு அதைவிட முக்கியம் 'கேப்டன் கிரெம்மன்'. கேப்பிடல் ரேடியோவில் சில நிமிட அத்தியாயங்களாக வந்த விண்வெளித் தொடர். கிரெம்மன் தன்னைத்தானே வியந்துகொள்ளும் வீரன், கூட கார்லா, டாக்டர் கிட்ஃபிங்கர். குரல்கள், ஒலிகள், இசைத் துணுக்குகள் எல்லாம் எவரெட்டின் தொகுப்பு. ஒரு அத்தியாயத்தில் இருக்கும் ஒலியடுக்குகளைக் கவனித்துக் கேட்டால், வெறும் ஒலியை வைத்துக்கொண்டு ஒரு ஆள் எவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டமுடியும் என்பது தெரியும். 1977இல், இதுவரை வந்ததிலேயே மோசமான பாட்டு எது என்று நேயர்களைக் கேட்டு 'பாட்டம் 30' என்று ஒரு பட்டியலும் ஒலிபரப்பினார். ஜிம்மி கிராஸ் பாடிய, செத்துப்போன காதலியைச் சவக்குழிக்கே போய்த் தேடும் பாட்டு முதலிடம் பெற்றது.

இப்போது 1978 ஜூலை 3. தேம்ஸ் தொலைக்காட்சியில் 'தி கென்னி எவரெட் வீடியோ ஷோ'. இயக்குநர் டேவிட் மாலட், பாப் இசைக் காணொளிகள் எடுப்பதில் அடுத்த சில வருடங்களில் பெரிய பெயர் வாங்கியவர். எழுத்தில் கூட இருந்தவர்கள் பேரி கிரையர், ரே கேமரன். கிரையர் அனுபவம் மிக்க நகைச்சுவை எழுத்தாளர். எவரெட்டின் சிதறலான யோசனைகளுக்குத் தொடக்கமும் முடிவும் கொடுத்தவர்கள் இந்த இருவரும். இவர்களுக்குக் கிடைக்கவேண்டிய பெயர் முழுதாகக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

அந்த நிகழ்ச்சியில் பார்வையாளர்கள் கிடையாது. அன்றைக்கு பிரிட்டனில் டிவி நகைச்சுவை என்றால் எதிரே முந்நூறு பேரை உட்காரவைத்து எடுப்பதுதான் வழக்கம். இங்கே கேட்பது கேமரா பிடிப்பவர்கள், விளக்கு போடுபவர்கள், தரையில் நிற்கும் ஊழியர்கள் ஆகியோரின் சிரிப்பு. ஒரு நகைச்சுவை சொதப்பினால் அவர்கள் முனகுவதும் கேட்கும். செட் என்று தனியாக ஒன்றும் பெரிதாகப் போடவில்லை. டிவி திரைகள், கேபிள்கள், ஸ்டுடியோ அப்படியே தெரியும். இதைச் சிக்கனம் என்று நினைத்துவிடக்கூடாது. முந்நூறு பேர் எதிரில் இருந்தால் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நடிகர் காத்திருக்க வேண்டும், வேகத்தைக் கூட்டம்தான் தீர்மானிக்கும். கூட்டத்தை எடுத்துவிட்டதும் வேகம் வெட்டுபவர் கைக்கு வந்தது. முழு வாக்கியம் முடிவதற்குள் வேறு காட்சி, அது முடிவதற்குள் ஒரு பாட்டு, பாட்டின் நடுவில் வெடி. ஒலிநாடாவை வைத்துச் செய்ததெல்லாம் இப்போது வீடியோ நாடாவில். எழுபதுகளின் ஆரம்பத்தில் வீடியோவை இவ்வளவு நுணுக்கமாகத் தொகுப்பது பெரும்பாடு. 1978இல் அது கைக்கு எட்டியிருந்தது, பின்னணியை நீக்கி வேறு காட்சியைப் பொருத்தும் உத்தியும் பழகிவிட்டிருந்தது. கருவிகள் அவர் இருந்த இடத்துக்கு வந்து சேர எட்டு வருடம் ஆகியிருக்கிறது. 1970இல் எடுபடாதவர் 1978இல் வென்றதற்கு இதுவே முதல் காரணம் என்பேன்.

கதாபாத்திரங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். சிட் ஸ்நாட் ஒரு தோல்ஜாக்கெட் ரவுடி, சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயால் பிடிக்க முயல்வான். மார்செல் வேவ் பிரெஞ்சுக்கார முடிதிருத்துநர், பொய்த்தாடை, வழியும் காதல் பேச்சு. 'ஆங்ரி ஆஃப் மேஃபேர்' வட்டத் தொப்பியும் குடையுமாக வரும் கனவான். இந்த நிகழ்ச்சி ஒழுக்கக்கேடு என்று கேமராவைப் பார்த்துத் திட்டுவார், திரும்பி நடக்கும்போது பின்பக்கம் முழுக்கப் பெண்களின் உள்ளாடை. ஒவ்வொருவரும் முதலில் ஒரு குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் என்று சொல்லிவிடலாம். உடையும் ஒப்பனையும் அந்தக் குரலுக்குப் போட்ட படம்தான். கேப்டன் கிரெம்மனும் கூடவே வந்தான், காஸ்குரோவ் ஹால் நிறுவனத்தின் அனிமேஷனாக. உண்மையைச் சொன்னால் அனிமேஷன் கிரெம்மன் எனக்கு வானொலிக் கிரெம்மன் அளவுக்குப் பிடிக்காது. கேட்பவர் மனதில் பிரம்மாண்டமாக இருந்த கப்பல் திரையில் சின்னதாகிவிட்டது.

ஆர்லீன் ஃபிலிப்ஸ் அமைத்த நடனங்களை ஆடிய 'ஹாட் காஸிப்' குழு நிகழ்ச்சிக்குப் பெரிய கவனத்தையும் பெரிய சண்டையையும் கொண்டுவந்தது. ஒலிபரப்பில் ஒழுக்கம் வேண்டும் என்று இயக்கம் நடத்திய மேரி ஒய்ட்ஹவுஸ் கடுமையாக எதிர்த்தார். அந்த எதிர்ப்பு நிகழ்ச்சிக்கு விளம்பரமாகத்தான் முடிந்தது. இசையுலகத்தினர் வரிசையாக வந்தார்கள். 1979 டிசம்பர் 31 இரவு ஒளிபரப்பான சிறப்பு நிகழ்ச்சியில் பாடகர் டேவிட் போவி தன் 'ஸ்பேஸ் ஆடிட்டி' பாட்டை எளிமையாக மறுபடி பாடினார். டிஜேயாக இருந்த பதினைந்து வருடத்தில் எவரெட் சம்பாதித்த நம்பிக்கை இது. வேறு நகைச்சுவைக்காரர் கூப்பிட்டால் இவர்கள் வந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

தேம்ஸ் நிறுவனம் அவருடைய நிகழ்ச்சியை பிபிசியின் பாப் பாட்டு நிகழ்ச்சியான 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' வரும் அதே நேரத்தில் போட ஆரம்பித்தது. இரண்டுக்கும் ஒரே ரசிகர் கூட்டம். இதில் ஏற்பட்ட மனத்தாங்கலோடு அவர் பிபிசிக்குப் போனார். 1981 கிறிஸ்துமஸ் சமயத்தில் தொடங்கி 1988 வரை 'தி கென்னி எவரெட் டெலிவிஷன் ஷோ'. பணம் அதிகம், உடைகள் பெரிது, கிளியோ ரோகோஸ் என்ற நல்ல துணை நடிகையும் கிடைத்தார். ஆனால் பிபிசி எதிரே பார்வையாளர்களை உட்காரவைத்தது. வேகம் குறைந்தது, ஒவ்வொரு காட்சியும் கைதட்டலுக்காக நின்று போனது. பிரபலம் என்று பார்த்தால் இதுதான் உச்சம். கலை என்று பார்த்தால் தேம்ஸ் காலத்தைத்தான் நான் மேலே வைப்பேன்.

அப்படியும் பிபிசி காலத்தில் இரண்டு மூன்று விஷயங்கள் அழியாதவை. தாடியை எடுக்காமலே, பெரிய மார்பும் பொன்னிற விக்குமாக வரும் ஹாலிவுட் நடிகை கியூபிட் ஸ்டண்ட் ஒன்று. தன் அடுத்த படத்தின் ஆபாசக் கதையைச் சொல்லிக்கொண்டே, எல்லாம் மிக நாகரிகமாகத்தான் எடுக்கிறோம் என்று காலை வீசி மாற்றிப் போடுவார். பேட்டி எடுப்பவர் பிரபல டிவி பேட்டியாளர் மைக்கேல் பார்க்கின்சன், ஆனால் நிஜ ஆள் இல்லை, அட்டையில் வெட்டிய உருவம். அடுத்தது, பீ ஜீஸ் பாப் குழுவின் சகோதரர்கள் மூவரையும் எவரெட்டே நடித்து, எவரெட்டே பேட்டியெடுக்கும் காட்சி. கேள்விக்குப் பதிலாகத் தங்கள் பாட்டு வரிகளையே சொல்வார்கள். நான்கு எவரெட்டுகள் ஒரே உரையாடலில்! லிவர்பூல் வீட்டில் டேப் ரெக்கார்டர்களோடு உட்கார்ந்திருந்த பையன் செய்த வேலை இது, ஒரு மாற்றமும் இல்லை.

இன்னொன்று பிரதர் லீ லவ். ராட்சத நுரைக் கைகளை ஆட்டிப் பிரசங்கம் செய்யும் அமெரிக்கப் போதகர். 1965இல் கப்பலில் ஒரு அமெரிக்கப் பிரசங்கத்தைக் கிண்டலடித்து வேலையை இழந்தவர், அதே கிண்டலுக்குப் பின்னாளில் பிபிசியில் சம்பளம் வாங்கினார்.

அந்தக் கைகளே அவரைச் சிக்கலிலும் மாட்டின. 1983 ஜூன் 5, பொதுத்தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, லண்டனின் வெம்ப்ளியில் நடந்த, ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி இளைஞர்களின் கூட்டத்தில் அந்த நுரைக் கைகளோடு மேடையேறி, ரஷ்யா மேல் குண்டு போடுவோம், மைக்கேல் ஃபூட்டின் கைத்தடியைத் தட்டிவிடுவோம் என்று கத்தினார். ஃபூட் அப்போது எதிர்க்கட்சித் தலைவர், தடியூன்றி நடக்கும், எழுபதை நெருங்கிய மனிதர். கூட்டம் ஆர்ப்பரித்தது. திரைப்பட இயக்குநர் மைக்கேல் வின்னர் கூப்பிட்டார், அதனால் போனேன் என்று எவரெட் பின்னால் சொன்னார். அவர் அரசியல் சிந்தனை கொண்டவர் அல்ல என்பது உண்மைதான், ஆனாலும் அது சமாதானமாகாது. தன்னுடைய வழக்கமான பைத்தியக்காரத்தனம் வெட்டி ஒட்டிய ஒரு கற்பனை உலகத்துக்குள் இருக்கும்வரைதான் பைத்தியக்காரத்தனம், நிஜ மேடையில் நிஜக் கட்சிக்காரர்கள் முன்னால் சொன்னால் அது அரசியல் ஆகிவிடும். அதை அவர் யோசிக்கவில்லை. சில வருடம் கழித்து, 1988இல், அதே கட்சியின் அரசு ஓரினச்சேர்க்கையைப் பள்ளிகளில் ஆதரித்துப் பேசுவதைத் தடுக்கும் 28ஆம் பிரிவைச் சட்டமாக்கியபோது, வெம்ப்ளி மேடையை ஓரினச்சேர்க்கையாளர்கள் பலர் கசப்போடு நினைவுகூர்ந்தார்கள். ஏனென்றால் அவரும் அவர்களில் ஒருவர்.

1969இல் அவர் மணந்த பெண்மணியோடு பத்து வருடம் வாழ்ந்து பிரிந்தார், நட்பு தொடர்ந்தது. தன் பாலினநாட்டத்தை எண்பதுகளின் நடுவில்தான் வெளிப்படையாகச் சொன்னார். கத்தோலிக்க வளர்ப்பு, பிரபலம், அன்றைய பத்திரிகைகள், இவற்றுக்கு நடுவில் இது சுலபமான விஷயமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அவருடைய நகைச்சுவையில் எப்போதும் வேஷங்களே இருந்தன, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதற்கு இது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

தொலைக்காட்சியில் உச்சத்தில் இருந்தபோதும் வானொலியை அவர் விடவில்லை. 1981இலிருந்து பிபிசியின் ரேடியோ 2இல் இருந்தார். அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சரைப் பற்றிய ஒரு நகைச்சுவை ஒலிபரப்பானதையடுத்து அதுவும் முடிந்தது. 1988இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் முடிந்த அதே வருடம், பழைய பாட்டுகளுக்காகத் தொடங்கிய கேப்பிடல் கோல்டு நிலையத்தில் போய் உட்கார்ந்தார், 1994 வரை அங்கே இருந்தார். எச்ஐவி தொற்று இருப்பது 1989இல் தெரிந்தது. 1993இல் பொதுவெளியில் சொன்னார். உடல் தளர்ந்த பிறகும் ஒலிபரப்பு செய்தார், முடியாமல் போனபோதுதான் நிறுத்தினார். 1995 ஏப்ரல் 4 அன்று இறந்தார். வயது ஐம்பது.

சரி, நோயல் எட்மண்ட்ஸுக்கு வருவோம். எட்மண்ட்ஸ், டெர்ரி வோகன், இன்னும் பலர் வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்து நன்றாகவே செய்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது தங்கள் ஆளுமையை. நேயர்களோடு இதமாகப் பேசத் தெரியும், கேமராவைப் பார்த்தும் அப்படியே பேசினார்கள். அவர்கள் தொகுப்பாளர்கள் ஆனார்கள், அது இயல்பான பாதை. எவரெட்டுக்கு அந்தப் பாதை பொருந்தவில்லை, 1970இலேயே அது நிரூபணமாகிவிட்டது. அவர் கொண்டுவந்தது வேலை செய்யும் முறையை. அதனால்தான் அவருக்கு மட்டும் நகைச்சுவைக்காரர் என்ற பட்டம். அவரைப் பின்பற்ற நினைத்த டிஜேக்கள் பலர் அவருடைய அடாவடியைக் காப்பியடித்தார்கள். ஒரு நிமிடத்துக்காக அவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியதை அவ்வளவு பேர் பின்பற்றவில்லை.

புதிதாகக் கேட்க, பார்க்க நினைப்பவர்கள் எங்கே ஆரம்பிக்கலாம் என்றால், டிவியில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் கேப்பிடல் ரேடியோ காலத்துக் கேப்டன் கிரெம்மன் நாலைந்து அத்தியாயங்களை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். அடுத்து தேம்ஸ் நிகழ்ச்சியின் முதல் தொடர், அப்புறம் பீ ஜீஸ் பேட்டி. வாழ்க்கைக் கதை வேண்டுமென்றால் 2012இல் பிபிசி ஃபோர் வெளியிட்ட படம் இருக்கிறது, ஆலிவர் லான்ஸ்லி எவரெட்டாக நன்றாகவே செய்திருக்கிறார். அது திருமணத்தையும் தனிமையையும் பற்றி அதிகம் பேசுகிறது. ஒலிநாடா வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள அவருடைய சொந்த வானொலிப் பதிவுகளுக்குத்தான் போக வேண்டும்.